சும்மா சுற்றிய லேத்தும் மேடையில் நான் சொல்லாத பேரும்

உலகு,

நீ மாடியில் இருக்கிறாய். நான் கீழே பட்டறையில் இருக்கிறேன். நலமா என்று கேட்டு எழுதினால் நீயே சிரிப்பாய். காலையில்தான் உன் கையால் தோசை வாங்கித் தின்றேன், உன் முகத்தைப் பார்க்காமல் தின்றேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கன் தென்காசியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போனில் அனுப்பலாமா என்றும் யோசித்தேன். அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய். இது கட்டைவிரலோடு முடிகிற காரியமில்லை. இன்று காலை வாசுதேவநல்லூருக்குப் போய் உன் மாமனாராக வரப்போகிறவரைப் பார்த்துவிட்டு வந்தேன். அரிசி ஆலைக்கு ஷாஃப்ட் அளவெடுக்கப் போகிறேன் என்று உன்னிடமும் உன் அம்மாவிடமும் புளுகிவிட்டுத்தான் போனேன். அங்கே நடந்தது உனக்குத் தெரிந்தாக வேண்டும், அதுவும் சாயங்காலத்துக்குள். ஆனால் அதை மட்டும் சொன்னால் நான் ஏதோ நியாயவான் மாதிரித் தெரியும். அதனால் ஆதியிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் பட்டறையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை, என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். குற்றாலம் ரோட்டில் இந்த இரண்டு லேத்தையும் போட்ட நாளிலிருந்து எனக்கு இரண்டு கொள்கை. ஒன்று, பைய ஓட்டுவது. இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக, நகம் வெட்டுகிற மாதிரிச் சீவி எடுத்தால் மிஷினுக்கும் நோகாது, கரண்டும் மிச்சம் என்று நினைத்திருந்தேன். லேத்தில் நிற்கிற சுடலைமுத்து கொஞ்சம் ஆழமாக டூலைக் கொடுத்தால்கூட, "ஏலே, உங்க அப்பன் வீட்டு மிஷினாலே?" என்று கத்துவேன். இரண்டாவது கொள்கை, மிஷினை நிறுத்தாமல் இருப்பது. காலையில் சூடம் காட்டிப் போட்டால் மத்தியானச் சாப்பாடு வரை சத்தம் ஓயக்கூடாது. சத்தம் நின்றால் லட்சுமி இறங்கிப் போய்விடுவாள் என்று எல்லோரிடமும் சொல்லுவேன். உண்மைக் காரணம் லட்சுமி இல்லை, எதிர்த்த பட்டறைக்காரர். அவர் காதில் நம் லேத் ஓடுகிற சத்தம் விழ வேண்டும். ஆர்டர் இல்லாத நாட்களில் எதையும் மாட்டாமலே மிஷினைச் சுற்றவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறேன். டீக்கடையில் அவர், "அண்ணாச்சிக்கு என்ன, ஓயாத வேலை" என்று பெருமூச்சு விடும்போது வடையைக் கடிப்பேன். வேலை இல்லை என்று ஊருக்குத் தெரிவதைவிட, வெறும் காற்றைக் கடைவதற்கு மின்வாரியத்துக்குக் காசு கட்டுவது எனக்கு மரியாதையாகப் பட்டது. இதைச் சுடலையிடம்கூட நான் சொன்னதில்லை.

நீ படிப்பு முடித்து வீட்டுக்கு வந்த முதல் வாரமே லேத்துக்குப் போகிற வயரில் ஒரு மீட்டரை மாட்டினாய். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாட்டியிருந்தாய். "அப்பா, மிஷின் சும்மா சுத்தும்போதே எவ்வளவு இழுக்குது பாத்தியளா? இரும்பை வெட்டும்போது அதுக்கு மேல கொஞ்சந்தான் கூடுது" என்றாய். எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லுகிற பழக்கமும் எனக்கு இல்லை. "ஊரைச் சுத்திக் காத்தாடி நிக்குது, கரண்டுக்கு என்னட்டி பஞ்சம்? போயி அம்மைக்கு ஒத்தாசை பண்ணு" என்றேன். நீ கோபப்படவில்லை. வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கிற ஆட்டோவைக் காட்டி, அது ஓரடி நகராமலே பெட்ரோல் குடிக்கிறதைச் சொன்னாய். மோட்டாரும் பல்சக்கரமும் டூலுக்குத் தண்ணீர் விடுகிற பம்பும் சுற்றுவதற்கே பாதிக்கு மேல் போய்விடுகிறது, அதனால் ஒரு ஷாஃப்ட்டை எவ்வளவு சீக்கிரம் முடித்து இறக்குகிறோமோ அவ்வளவு மிச்சம், பைய ஓட்டினால் மிச்சமில்லை, நட்டம் என்றாய். டீ டம்ளர் எடுக்க வந்த உன் அம்மாதான் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "அப்போ இத்தனை வருசமா சிறுதீயில நாள் பூரா பருப்பு வேகவச்சிருக்காவன்னு சொல்லு" என்றாள். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே உன்னைப் பட்டறைக்குள் விடக்கூடாது என்று நினைத்தேன். வேலை நாளில் வராதே, ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்ன வேண்டுமானாலும் செய் என்று சொன்னது அதனால்தான். பாதி ஷட்டருக்கு இன்னொரு காரணமும் உண்டு. உனக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தோம். பெண் பிள்ளை கையில் கிரீஸோடு லேத் முன்னால் நிற்பதை ரோட்டில் போகிறவர்கள் பார்த்துவிடக்கூடாது என்று பயந்தேன்.

நீ ஒரே கம்பியை ஒரே நீளத்தில் துண்டு துண்டாக அறுத்து வைத்தாய். கம்பியைப் பிடித்திருக்கிற சக் சுற்றுகிற வேகம், டூல் நகருகிற வேகம், ஒரு தடவையில் எவ்வளவு ஆழம் வெட்டுவது, இந்த மூன்றையும் மாற்றி மாற்றி ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு கரண்டு என்று குறித்தாய். முதல் ஞாயிறு மூன்றையும் ஒரேயடியாகக் கூட்டினாய், டூல் முனை பட்டென்று தெறித்தது. நான் சிரித்த சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். "போச்சா? படிச்சவ கெட்டித்தனம் போச்சா?" என்று சுடலை முன்னால் வைத்துக் கேட்டேன். அடுத்த வாரம் வரமாட்டாய் என்று நினைத்தேன், ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். நீ வந்தாய். சுற்று வேகத்தை ஓரளவோடு நிறுத்திக்கொண்டாய், ரொம்பக் கூட்டினால் டூல் சீக்கிரம் தேய்ந்து அதை மாற்றுகிற நேரத்திலும் மிஷின் சும்மா கரண்டு இழுக்கும் என்று கண்டுகொண்டாய். ஆழத்தையும் டூல் நகருகிற வேகத்தையும் கூட்டினாய். நான் நாலைந்து தடவை சீவுவதை நீ ஒரே தடவையில் வெட்டி, கடைசியாக மினுமினுப்புக்கு மட்டும் மெல்லிசாக ஒரு தடவை ஓட்டினாய். சீவிய இரும்புச் சுருள் நீலமாக வந்து விழுந்தது. இரும்பு கருகுகிறது என்று நான் ஓடிவந்தேன். "கருகலப்பா, சூடு சுருளோட வெளிய போவுது, ஷாஃப்ட்டைத் தொட்டுப் பாருங்க" என்றாய். தொட்டேன். கை பொறுக்கிற சூடுதான் இருந்தது. நீ சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்தும், "எல்லாம் கம்பி நல்ல கம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். மறுநாள் திங்கட்கிழமை, சுடலையை உன் அளவுகளில் ஓட்டச் சொன்னேன், ஏதோ எனக்கே தோன்றியது போல. அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டூலை மாட்டினான்.

பெண் பார்க்க வாசுதேவநல்லூர்க்காரர்கள் வந்த அன்று உன் அம்மா உன் நகக்கண்ணில் இருந்த கறுப்பை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது போகவில்லை. கையைச் சேலைக்குள் வைத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், அவர் முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தானாகவே முதுகு நிமிர்ந்துவிடுகிறது. அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், "புள்ள இஞ்சினியர் படிச்சிருக்கே, என்ன செய்யுது?" என்று. நான் யோசிக்கவே இல்லை. "பட்டறைக் கணக்கைக் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தட்டித் தருவா அண்ணாச்சி. கல்யாணத்துக்குப் பொறவு வேலைக்கு எல்லாம் போகமாட்டா, அவளுக்கே அதுல இஷ்டம் கெடையாது" என்றேன். யார் கேட்டார்கள் அந்த இரண்டாவது வாக்கியத்தை? யாரும் கேட்கவில்லை. நீ காப்பித் தட்டோடு கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தாய். நான் உன் நிழலைப் பார்த்தேன். பார்த்த பிறகும் அதைத் திருத்தவில்லை. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை என்றதும் எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது, வந்த இடம் கைநழுவிவிடக் கூடாது என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது.

ஒரு பொய்யைச் சொன்னவன் அதற்குக் காவல் நிற்க வேண்டும். ஆனி மாதம் சிறுதொழில் சங்கத்துக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். புது மிஷின் வாங்காமலே கரண்டைக் குறைத்தவர் என்று நம்மிடம் ஷாஃப்ட் வாங்குகிற பம்பு கம்பெனிக்காரர் என் பேரைக் கொடுத்திருந்தார். நான் பெருமை பொறுக்காமல் வாசுதேவநல்லூருக்குப் போன் போட்டுச் சம்பந்தியையும் வரச்சொன்னேன். அவரை முன்வரிசையில் உட்கார வைத்தேன். எனக்குப் பொன்னாடை போர்த்திய அதிகாரி மைக்கை என்னிடம் நீட்டி, வெட்டுகிற வேகத்தையும் ஆழத்தையும் இப்படி மாற்றலாம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். உலகம்மாள் என்ற ஒரு பேரைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொன்னால், கணக்குத் தட்டுகிற பெண் லேத் ஓட்டினாளா என்று முன்வரிசை கேட்குமே. "எல்லாம் அனுபவந்தான் சார்" என்றேன். மண்டபமே கைதட்டியது. பெண்கள் பக்கம் பார்த்தேன். உன் அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ கைதட்டிக்கொண்டிருந்தாய். உன்மேல் எனக்கு அந்த நேரத்தில் வந்தது கோபம், உலகு. இவள் அழுதிருந்தால், எழுந்து போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். இப்படியும் ஒரு அப்பன்.

மறுநாள் சம்பந்தியைக் குளிக்க ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல சாரல். எண்ணெய்த் தலையோடு அருவிக்கு அடியில் நின்று அவர் திரும்பித் திரும்பி என்னிடம் ஏதோ சொன்னார். "அனுபவம்னா அதான் அனுபவம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியுது" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழாதவன் போலத் தலையைக் குனிந்துகொண்டேன். மறுக்க இன்னொரு தடவை வாய்ப்புக் கிடைத்தும் நான் அதைத் தண்ணீரில் விட்டேன். திரும்பி வரும்போது அவர் எனக்கு நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தார், அதையும் தின்றேன்.

நேற்றைக்கு உன் அம்மா பட்டறைக்கே வந்து என் முன்னால் நின்றாள். ஓசூரில் ஒரு பெரிய கம்பெனியில் உனக்கு வேலை வந்திருப்பதாகவும், மிஷின்கள் தின்கிற மின்சாரத்தைக் குறைப்பதுதான் அங்கே உன் வேலை என்றும், நம் பட்டறையில் செய்து பார்த்து நீ எழுதி அனுப்பிய கணக்கைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும் அவள் சொல்லித்தான் தெரியும். ஓசூரிலிருந்து பெங்களூர் கூப்பிடு தூரம். இதைவிடப் பொருத்தமாக ஜோசியனாலும் பார்க்க முடியாது. எனக்குச் சந்தோஷம் வந்தது, அது முகத்தில் ஏறுவதற்குள் அவள் மிச்சத்தைச் சொன்னாள். "வரலன்னு எழுதப் போறாளாம். நான் வேலைக்குப் போகமாட்டேன்னு அப்பா வாக்குக் குடுத்திட்டாவ, நான் போனா அவிய பொய்காரராயிருவாவன்னு சொல்லுதா. பட்டறையில வாயைத் தொறந்தா மூடமாட்டிய, மேடையில மட்டும் உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள். சுடலை லேத்தை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டான். நான் சொன்ன பொய்யை உண்மையாக்குவதற்காக என் மகள் தன் வேலையை விடப் போகிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அம்மா முன்னால் நான் தலை குனிந்து நின்றது அதுதான் முதல் தடவை.

அதனால்தான் இன்று போனேன். சம்பந்தி வீட்டில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது, அவர் மம்பட்டியோடு வந்து உட்கார்ந்தார். நான் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகள், நகக்கண், மேடை, ஓசூர் எல்லாம். முடிக்கிற வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நான் ஸ்டேஷன்ல எத்தனையோ பொய் கேட்டிருக்கேன் அண்ணாச்சி. பொன்னாடை வாங்கின பொய்யை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரி, "பொய் சொன்னது அவிய, அந்தப் புள்ள என்ன செய்யும்?" என்றாள். அவர் மம்பட்டியில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே, "வேலைக்குப் போறது எம் மவனும் அவளும் பேசிக்கிட வேண்டியது, எனக்கு அதுல ஒண்ணுமில்ல. ஆனா பெத்த மவளையே மறைச்சவரு எங்ககிட்ட இன்னும் எதெல்லாம் மறைச்சியளோன்னு எனக்கு ஒரு இது வருதுல்லா?" என்றார். அதுவும் நியாயம்தான். கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொன்னார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுகிறேன் என்றார். ஆவணியில் நடக்க வேண்டியது நடக்காமல் போனால் அது உன்னால் அல்ல, ஓசூரால் அல்ல, என்னால் மட்டும்தான்.

ஓசூருக்கு வருகிறேன் என்று எழுது. இன்றைக்கே எழுது. என் வாக்கு என்று ஒன்று இல்லை, அது நான் உன்னைக் கேட்காமல் கொடுத்தது. உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் வாய் சும்மா இராது. போகிற இடத்தில் நீ கண்டுபிடித்ததை நீயே உரக்கச் சொல். பக்கத்தில் நிற்கிறவன் சொல்லுவான் என்று காத்திராதே, பெற்றவனே சொல்லவில்லை. உனக்குக் கீழே ஒரு சுடலைமுத்து வேலை பார்த்தால், அவன் சொன்ன யோசனையை அவன் பேரோடு சொல். உனக்குப் புரியாததைப் புரியவில்லை என்று சொல்லப் பழகு. நான் கோபத்தைக் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டே இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். இந்தப் பட்டறையில் சத்தம் போட்டவன் நான் ஒருவன்தான், வேலை செய்தவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல்தான் செய்தீர்கள். சங்கத்துச் செயலாளரிடம் நாளைக்குப் போய் நடந்ததைச் சொல்லுவேன். அவர் சிரிப்பார், சிரிக்கட்டும். எதிர்த்த பட்டறைக்காரருக்கும் தெரியத்தான் செய்யும். அதை நினைத்தால் டீக்கடைப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

இனிமேல்தான் முக்கியமானது. நான் எழுந்து கிளம்பும்போது சம்பந்தி வாசல் வரை வந்தார். "எங்கிட்ட சொல்லிட்டிய, சரி. இத அந்தப் புள்ளகிட்ட சொன்னியளா? தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னியளா?" என்று கேட்டார். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, "சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றேன். அத்தனை பொய்யையும் ஒப்புக்கொண்டுவிட்டு, செருப்பை மாட்டுகிற இடைவெளியில் புதிதாக ஒன்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "சாயங்காலம் நானே அவகிட்டப் பேசுதேன்" என்றார். பஸ்ஸில் வரும்போது நேராக மாடி ஏறி உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தேன், படியில் கால் வைத்தேன், நீ மேலே யாரிடமோ போனில் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது, அப்படியே இறங்கிப் பட்டறைக்கு வந்துவிட்டேன். உன் அம்மா உனக்குக் காப்பி கொண்டுவரும்போது இதையும் கொண்டுவருவாள்.

உலகு, நான் செய்தது தப்பு. சாயங்காலம் சம்பந்தி போன் செய்து, "அப்பா சொன்னாவளா?" என்று கேட்பார். என் முகம் கெடக்கூடாது என்று நீ ஆமாம் என்றுதான் சொல்லுவாய், எனக்குத் தெரியும். இந்தத் தடவை அப்படிச் சொல்லாதே. சொல்லவில்லை, எழுதித்தான் கொடுத்தார் என்று சொல். ஏன் என்று கேட்டால், மகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை என்று சொல்.

உன் அப்பா